எறங்காதீங்க அண்ணாச்சி

அய்யய்ய, எறங்காதீங்க அண்ணாச்சி. குந்துங்க. எறங்கி எங்க போவீங்க? இந்தாண்ட கண்டெய்னரு, அந்தாண்ட கண்டெய்னரு, முன்னால கண்டெய்னரு, பின்னால இன்னா கீதுன்னு நான் சொல்லவே தேவல. அதெல்லாம் தாண்டினா கடலு. அந்த மஞ்சா சட்டக்காரரு இப்டிதான் ரோஷமா எறங்கிப் போனாரு. தோ பாருங்க. ரெண்டு டயருக்கு நடுவுல நின்னுகினு, முன்னாலயும் போவ முடியாம, திரும்பி வரவும் வெக்கப்பட்டுகினு, செல்லு பாக்குறா மாரி நடிக்கிறாரு.

இன்னாது, அண்ணாச்சின்னு எப்டித் தெரியுமா? டோல்கேட்ல ஏறும்போதே போன்ல பேசினீங்களே, ஊருக்கே தெரிஞ்சிபோச்சி. ஒங்கள மாரியே பேசிக் காட்டவா? கோச்சிக்கக் கூடாது. ஏலே, நா வந்துக்கிட்டுதாம்ல இருக்கேன். வண்டி நவுரவே மாட்டேங்கு. நீ கடயத் தொறந்து சாம்பிராணியப் போடு, நா வந்து மத்த சோலியப் பாக்கேன். எப்டி? ஆங், சிரிச்சிட்டீங்க! ஒரு தபா சிரிச்சிட்டா எறங்கக் கூடாது. அது இந்த ஷேர் ஆட்டோ ரூலு.

பேரு எழில்மொழி. வியாசர்பாடி. பதினொண்ணாவது. ஸ்கூலு இல்லியாவா? கீது, எனக்குதான் இல்ல. ஒரு வாரம் சஸ்பெண்டு. இன்னா பெரிய தப்பு பண்ணிட்டேன்? ஆபீஸ் ரூம்ல மைக்கு சும்மா கெடந்திச்சி. எங்க எட்மாஸ்டரு கொரலு எப்டி இருக்கும்னா, மூக்குல கொசு பூந்தா மாரி. அதே கொரல்ல மைக்குல உட்டேன். மாணவச் செல்வங்களே... கனமழை காரணமாக... இன்று மதியம் முதல்... வெளிய வெயிலு மண்டயப் பொளக்குது அண்ணாச்சி! பாதி ஸ்கூலு கேட்டாண்ட போயிடிச்சி. பி.டி. மாஸ்டரே பைக்க ஸ்டார்ட் பண்ணிட்டாரு. நேராப் போயி லீவு கேட்டா ஒரு நாளு குடுப்பாங்களா? முறைப்பாங்க. இதுல பாருங்க, முழுசா ஒரு வாரம்.

ஆங், வண்டி. வண்டி பேஜாருதான், நான் இல்லன்னு சொல்லல. டிரைவரு மட்டமா? அதுவும் கரெக்டு. முன்னாடி எவ்ளோ கேப்பு உட்டுகினு நிக்குறாங்க பாருங்க. இந்த ரோட்ல கேப்பு உடலாமா? உட்டா இன்னா ஆவும்? ரெண்டு பைக்கு பூந்துடும். அதுக்குப் பின்னால தண்ணி கேன் வண்டி மூக்க நீட்டும். அதப் பாத்துட்டு ஒரு கார்க்காரன், நான் மட்டும் இன்னா தொக்கான்னு குறுக்க வந்து நிப்பான். டோல்கேட்லேருந்து எத்தினி பேரு நம்மள முந்திகினு போனான்! ஐஸ் பொட்டி கட்டின சைக்கிளு கூட போச்சி. அந்தாளு போறப்ப டாட்டா வேற காட்டினாரு.

அந்த டிரைவரு எங்கம்மாதான்.

பரவால்ல அண்ணாச்சி, நாக்கக் கடிச்சிக்காதீங்க. நானும்தான் திட்டினு வரேன். சொக்கம்மான்னு பேரு. எம்மோவ்! அண்ணாச்சி நீ ஓட்டுறதுக்கு மார்க்கு போட்டுகினு கீறாரும்மா! பாத்தீங்களா, தல மட்டும் ஆடுது. திரும்ப மாட்டாங்க. ரோட்ட வுட்டு கண்ணு அந்தாண்ட இந்தாண்ட போவாது.

சரி, வெவரம் சொல்லிடறேன். இந்த வண்டி இன்னைக்கு எண்ணூரு போயி சேந்தாவணும். காலியாப் போனா கணக்குல வராது, பேசஞ்சரோட போவணும். இல்லன்னா சாயந்தரம் இக்னேஷியஸ் மாமா வந்து சாவிய வாங்கினு போயிடுவாரு. கெட்டவரு இல்ல அவரு. எங்கம்மா ஸ்டாண்டுலதான் ஓட்டுறாரு. கொரலு கரகரன்னு, மண்ண மென்னுகினே பேசுறா மாரி இருக்கும். இன்னாத்துக்கு சொக்கு ஒனக்கு இந்த ரோதன? வண்டிய எங்கையில குடு, நா பாத்துக்கறேன். நீ வூட்டாண்டயே இட்லி கட போடு. எங்கம்மா மறுநாளு சொன்னாங்க, ஒரே ஒரு தபா எண்ணூரு போயிட்டு வந்துடறேன். போயிட்டேன்னா குடுக்க மாட்டேன். முடியலன்னா நானே சாவியக் கொண்டாந்து குடுத்துடறேன்னு.

மழ காலத்துலேருந்து வண்டி எங்க சந்துல தார்ப்பாயப் போத்திகினு கெடந்திச்சி. பக்கத்து வூட்டு கோழி பின் சீட்டுல முட்டையே வச்சிடிச்சி. ஆமா, நீங்க குந்தினு கீற எடந்தான். பயப்படாதீங்க, கழுவிட்டோம்.

டோல்கேட்ல ஏறும்போது வண்டி ரொம்பி வழிஞ்சிதில்ல? ஒருத்தரு ஒருத்தரா எறங்கிட்டாங்க. அந்த மீன் கூடயம்மா எறங்கினப்ப இன்னா சொன்னாங்க? தே, இந்த வண்டி போயி சேர்றதுக்குள்ள எம்மீனு கருவாடா ஆயிடும், நா நடந்தே போறேன். நடந்துதான் போனாங்க, இந்நேரம் தேரடில பாதி வித்திருப்பாங்க. இப்ப நீங்க ஒருத்தருதான் பாக்கி. நீங்களும் எறங்கிட்டா எங்கம்மா இப்டியே ஓரங்கட்டிட்டு இக்னேஷியஸ் மாமாக்கு போன் போட்டுடுவாங்க. அதான் கெஞ்சறேன்.

நவுருது! நவுருது! எம்மோவ், போ போ போ! ரைட்ல வராத, நேரா... அவ்ளோதானா? ரெண்டு மொழம் நவுந்ததுக்கு எவ்ளோ பொக.

தோ, பின்னால இருக்குறவன் ஆரம்பிச்சிட்டான். ப்பாஆஆம்! நானும் அடிப்பேன்டா. ப்பாஆஆம்! இது காலி கண்டெய்னரு அண்ணாச்சி, வாய் மட்டுந்தான் பெருசு. லோடு வண்டின்னா மொதல்ல செருமிட்டு அடிக்கும், கட்சி மீட்டிங்ல பேச வர்ற தலைவரு மாரி. க்ர்ரும்... ப்போம்! கவர்மெண்டு பஸ்ஸு கேக்குறீங்களா? அதுக்கு ஜலதோஷம். பே... பே... ப்ப்பே. இந்த டேங்கர் லாரி இருக்கே, அது கல்யாண நாயனம் ஊதும். பீபிப்பீபிப்பீ! சிரிங்க அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் சத்தமா சிரிங்க. சும்மா பல்லக் காட்டினா பத்தாது, சத்தம் வரணும்.

தலவலிக்குதா? நிறுத்தணுமா? நிறுத்த முடியாது அண்ணாச்சி. ஒங்களுக்கு வேணா மாத்திர வாங்கித் தரேன், எண்ணூர்ல மெடிக்கலு கீது.

இல்ல, கிண்டல் பண்ணல. கொஞ்சம் கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. இத மட்டும் மெதுவா சொல்லணும்.

எங்கம்மாக்கு ஓட்டத் தெரியாம இல்ல. இந்த ரோட்ல வருஷக்கணக்கா ஓட்டினவங்க. ரெண்டு கண்டெய்னருக்கு நடுவுல கோடு போட்டா மாரி போயி வெளிய வருவாங்க, இக்னேஷியஸ் மாமாவே விசிலடிப்பாரு. மழ காலத்துல ஒரு நாளு எண்ணூர்லேருந்து காலியா வந்துகினு இருந்திருக்காங்க. ஒரு ட்ரெய்லர்க்காரன் ஒடிச்சி திருப்பும்போது பாக்கவேல்ல. பின்பக்கத்தால எங்கம்மா வண்டிய நடு செவுத்தோட வச்சி அமுக்கிட்டான். பெரிய அடி இல்ல, கால்ல தையலுதான். ஆனா தகரம் மடங்கி உள்ள மாட்டிகினாங்க. வெளிய வர முடியல.

பின்னால வண்டிங்க நின்னிச்சில்ல? ஒருத்தன் எறங்கல அண்ணாச்சி. ஆரன் அடிச்சானுங்க. வழி வுடுன்னு. ஒருத்தன் அடிச்சத கேட்டு இன்னொருத்தன், அவன் அடிச்சத கேட்டு அதுக்குப் பின்னால இருக்குறவன். முன்னால இன்னா ஆச்சின்னே பின்னால இருக்குறவனுக்கு தெரியாது, லைனா அடிக்கிறான். எங்கம்மா உள்ளேருந்து அண்ணா, அண்ணான்னு கூப்புட்டுகினே இருந்தாங்களாம். அவங்க கொரலு அவங்களுக்கே கேக்கலயாம்.

அதுலேருந்து ஆரன் சத்தம் வந்தா கை அப்டியே நின்னுடும். வண்டியில மட்டும் இல்ல, வூட்லயும்தான். ரோட்ல எவனாச்சும் அடிச்சா இங்க கொழம்பு கிண்டற கை நிக்கும். நான் இன்னா பண்ணேன், வெங்காயம் நறுக்கும்போது பின்னால போயி நின்னு ப்பாஆஆம். மொத தபா தட்டு வுழுந்திச்சி. அப்பால கரண்டி பறந்து வந்திச்சி, தோ, நெத்தியில தெரியுதா? போன வாரம் அடிச்சேன். தள்ளிப் போடி கழுத, கொழம்பு தீயுதுன்னாங்க. நான் மாடிக்கி ஓடிப்போயி ஆடினேன் அண்ணாச்சி.

ஆனா நான் அடிக்கிற ஆரன் வேற, இவனுங்க அடிக்கிறது வேற. இங்க வந்ததும் தெரிஞ்சி போச்சி. நான் எதுக்கு ரோட்டப் பாக்காம ஒங்களப் பாத்து குந்தினு கீறேன்? என் முதுகு எங்கம்மா முதுகுல ஒட்டினு கீது, நடுவுல ஒரு கம்பிதான். நான் பேசினா அவங்க முதுகு தளர்வா இருக்குது. மூச்சு வாங்கறதுக்கு நிறுத்தினாக்கூட பலக மாரி வெறைக்குது. டோல்கேட்லேருந்து நான் ஒங்ககிட்ட பேசினு வரல அண்ணாச்சி. தப்பா எடுத்துக்காதீங்க.

தோ, முன்னால செவப்பு லைட்டு அணைஞ்சிடிச்சி. கெளம்பப் போறான். இப்ப பின்னால அத்தினி பேரும் சேந்து அடிப்பானுங்க. எம்மோவ், நவுரப் போவுதும்மா! க்ஹூம்... நேரா... க்ஹூம். பாத்தீங்களா, தொண்ட மக்கர் பண்ணுது. காத்துதான் வருது. ரெண்டு மொடக்கு தண்ணி குடிச்சா சரியாப் போயிடும்.

அது வரைக்கும் நீங்க பேசுங்க அண்ணாச்சி. எதுனாச்சும். ஒங்க கடையில இன்னா இன்னா கீதுன்னு சொல்லுங்க. மல்லி இன்னா வெல, மொளகா இன்னா வெல. என்னப் பாத்து இல்ல, அவங்களப் பாத்து.

ஆங். அப்டித்தான். இன்னும் சத்தமா.