அஞ்சு பூப்பொட்டலம்

சகாதேவன்: ...ஆக, உன் அடம் தோத்துச்சு, பிள்ளையார் ஜெயிச்சுட்டாரு. அந்தக் குழந்தை எடுத்துக் குடுத்த ரெண்டு பொட்டலமும் வெள்ளைப் பூ! ஆவணியில முகூர்த்தம், போளூர் ரைஸ்மில் மாப்பிள்ளை. தங்கச்சி, கொஞ்சம் சிரியேன்.

ரேணுகா: சிரிக்கறேனே. பல்லு தெரியல?

சகாதேவன்: பூ கட்டிப் பாத்துடலாம்னு அப்பா சொன்னப்போ, ஒண்ணு எடுத்தா பத்தாது, ரெண்டு எடுக்கணும், ரெண்டுமே வெள்ளையா இருந்தாதான் கல்யாணம்னு சட்டம் போட்டது யாரு?

ரேணுகா: நான்தான். மூணு வெள்ளை, ரெண்டு சிவப்பு. வெள்ளைதானே ஜாஸ்தின்னு அப்பாவும் தலையாட்டினாரு.

சகாதேவன்: நானும்தான் ஆட்டினேன். அதுல இன்னா தப்பு?

ரேணுகா: மொத பொட்டலம் வெள்ளையா வர்றதுக்கு அஞ்சுல மூணு. எடுத்ததைத் திரும்ப வெக்கல இல்ல? மீதி நாலு பொட்டலத்துல வெள்ளை ரெண்டுதான். நாலுல ரெண்டு. பெருக்கு.

சகாதேவன்: நீயே பெருக்கு. பி.எஸ்சி. படிச்சது நானா?

ரேணுகா: பத்துல மூணு. மீதி ஏழு, நான் வேலூருக்கு எம்.எஸ்சி. படிக்கப் போறதுக்கு.

சகாதேவன்: அடிப்பாவி! பெத்த அப்பாவையே ஏமாத்தப் பாத்தியா? அந்த மூணுதான் வந்துடுச்சே. பிள்ளையாரு உன் புஸ்தகத்தைப் படிக்கல போல.

ரேணுகா: மீதி மூணு பொட்டலம் எங்க?

சகாதேவன்: எந்த மீதி?

ரேணுகா: எடுக்காம வுட்டது. பிரிச்சுக் காட்டு. ரெண்டு சிவப்பு இருக்கணும்.

சகாதேவன்: அது... குளத்துல போட்டுட்டேன். சாமி பூ, கால்ல மிதிபடக் கூடாதில்ல...

ரேணுகா: எப்பருந்து இவ்ளோ பக்தி? மலை சுத்தக் கூட்டிட்டுப் போனா, அடி அண்ணாமலையில டீ குடிச்சுட்டு வந்த வழியே திரும்பற ஆளு நீ!

சகாதேவன்: கால் வலி...

ரேணுகா: அண்ணா. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

சகாதேவன்: சரி... ஒண்ணே ஒண்ணு. வாசல்ல செருப்பு வுடறப்போ ஒரு பொட்டலத்தைப் பிரிச்சேன். சிவப்பு இருந்துச்சு. பூக்காரம்மாகிட்ட வெள்ளை வாங்கி மாத்திட்டேன்.

ரேணுகா: ஏன்?

சகாதேவன்: ஏனா? தங்கச்சிக்கு ஆகாம அண்ணனுக்குப் பண்ணமாட்டாங்களாம். முப்பது தாண்டியாச்சு. எனக்குப் பேசி வெச்ச பொன்னி வூட்ல இன்னும் எத்தினி வருஷம் காத்திருப்பாங்க? திட்டிக்கோ... வாங்கிக்கறேன்.

ரேணுகா: மாத்தினது ஒண்ணுதானே?

சகாதேவன்: சத்தியமா ஒண்ணுதான். நாலு வெள்ளை, ஒரு சிவப்பு. இப்போ எவ்ளோ ஆச்சு, டீச்சரம்மா?

ரேணுகா: பத்துல ஆறு... நான் ஒழுங்கா கட்டியிருந்தா.

சகாதேவன்: இன்னா சொல்ற?

ரேணுகா: பத்துல மூணே எனக்கு பயமா இருந்துச்சுண்ணா. நான் இலையில வெச்சுக் கட்டினது அஞ்சுமே சிவப்பு.

சகாதேவன்: அடியே! சாமிகிட்டயேவா! ...இரு, இரு. அஞ்சும் சிவப்பு. நான் வெச்ச வெள்ளை ஒண்ணு. குழந்தை எடுத்தது ரெண்டு வெள்ளை. அப்போ இன்னொண்ணு...?

ரேணுகா: பஸ்ஸுல வர்றப்போ பொட்டலமெல்லாம் அம்மா மடியிலதானே இருந்துச்சு... "நீ படிடி, உங்கப்பாவை நான் பாத்துக்கறேன்"னு நேத்துகூட என் தலையைத் தடவிச்சேண்ணா!