கொண்டச்சிக்குப் போகமாட்டன்

…இல்லைத் தங்கச்சி, ‘தயவுடன்’ எண்டு தொடங்காதேங்கோ. மூண்டு வருசமா சனத்துக்கு வீட்டுத்திட்டப் போம் நிரப்பி நிரப்பி, தயவு எண்ட சொல்லைக் கண்டாலே எனக்குக் கொட்டாவி வருது. ‘மிகுந்த மனவேதனையுடன்’ எண்டு அடியுங்கோ. ஓம், அப்பிடித்தான். இந்தக் கொமினிகேசன் கடையிலை உங்கடை கைதான் வேகம் எண்டு சொன்னவை, சரிதான்.

விசயம் என்னெண்டா, எனக்குப் பட்டதாரி நியமனம் கிடைச்சிருக்கு. ஓம், சந்தோசந்தான். ஆனா போட்டிருக்கிறது எங்கை? கொண்டச்சியிலை. நான் இருக்கிறது கீரி. கீரியிலையிருந்து மன்னார் ரவுணுக்கு சைக்கிளிலை வந்திடுவன், வேர்க்கவும் மாட்டுது. கொண்டச்சிக்கெண்டா பாலத்தாலை அங்காலை போய், ரெண்டு பஸ் மாறி… ஒரு பஸ் வரேக்கை மற்றது போயிருக்கும். இண்டைக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்குள்ளை கந்தோரிலை ஒண்டில் அப்பீல் குடுக்கோணும், இல்லாட்டி ‘வாறன்’ எண்டு சம்மதக் கடிதம் குடுக்கோணும். ரெண்டும் இல்லையெண்டா நியமனமே இல்லை. இப்ப என்ன, ரெண்டேகாலோ. கிடக்கு நேரம். ஆறுதலா அடியுங்கோ.

பேரோ. ஜெயகௌரி. திருமதி ஜெயகௌரி றெக்சன்.

காரணம் ஒண்டு. ‘எனது மகள் சிறுபிள்ளையாகையால்.’ வயசோ… பதினொண்டு. ஓம், பதினொண்டு அவ்வளவு சின்னன் இல்லைத்தான். காலமை அவள்தான் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தாறவள். சரி, அதை வெட்டுங்கோ.

‘எனது மாமியார் நடக்க முடியாதவர்.’ அதைப் போடுங்கோ, அது உண்மை. மெற்றில்டா மாமிக்கு முழங்காலிலை நோ. என்ன… ஓம், போன திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்துதான் போனவ. உங்களுக்கு ஆர் சொன்னது, கூட்டத்திலை கண்டனீங்களோ. அது நேர்த்திக்கடன், பிள்ளை. மாதாவிட்டை நடந்து போக மாமியாலை ஏலும், அடுப்படிக்குத்தான் ஏலாது. அந்த வருத்தத்துக்கு டொக்டர்மார் இன்னும் பேர் வைக்கேல்லை. சரி, அதையும் விடுங்கோ. அவையள் டொக்டரின்ரை துண்டு கேட்டா எங்கை போறது.

கொண்டச்சிக் கந்தோரிலை கதிரை காணாதாம், அதைப் போடலாமோ. போடேலாதோ. அதுவும் சரி, வேலைக்கு வரமுன்னமே கதிரை கேக்கிறாள் எண்டு நினைப்பினம்.

இப்ப செய்யிற வேலையோ. அது தொண்டு நிறுவனம், பேர் வேண்டாம். ஸ்கூட்டி தந்திருக்கினம், பேர் அடிச்ச ரீசேட் தந்திருக்கினம். மார்கழியோடை புரொஜெக்ட் முடியுது. முடிஞ்சா ஸ்கூட்டியைத் திருப்பிக் குடுக்கோணும், ரீசேட்டை வைச்சிருக்கலாம். இன்னொரு நிறுவனம் கூப்பிடுது, அதுவும் ஒரு வருசந்தான். சம்பளம் கூட. ஆனா பென்சன் இல்லை. அதுதான் வீட்டிலை ஒரே சண்டை.

எங்கடை வேலையிலை ஒரு முறை இருக்கு, தங்கச்சி. ஊர்ச்சனத்தை வட்டமா இருத்தி, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை குடுப்பம். நிலத்திலை கட்டம் கீறி, இது கிணறு, இது றோட்டு, இது கக்கூஸ், இது பள்ளிக்கூடம். உங்களுக்கு எது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு கொட்டையை அந்தக் கட்டத்திலை வையுங்கோ எண்டு சொல்லுறது. கூடக் கொட்டை விழுந்ததுதான் முதல் வேலை. பாப்பாமோட்டையிலை யோகராசா ஐயா எண்டு ஒருத்தர், நெல்லு விதைக்கிற மனுசன். பத்தையும் கொண்டுபோய்க் கிணத்திலை வைச்சார். ஐயா, பிரிச்சு வையுங்கோ, மற்றதும் தேவைதானே எண்டன். “பிள்ளை, றோட்டுக்கு ரெண்டு வைச்சா நீங்கள் றோட்டைப் போட்டிட்டு, ஐயாவே கேட்டவர் எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவீங்கள்” எண்டார். அறிக்கையிலை அதை எப்பிடி எழுதுறது. ‘சில பயனாளிகளுக்கு மேலதிகப் பயிற்சி தேவை’ எண்டு எழுதினன். இப்ப நினைக்க வெக்கமாக் கிடக்கு.

அந்த முறையை நான் வீட்டிலையும் செய்தன். சிரிக்காதேங்கோ. நியமனக் கடிதம் வந்த அண்டைக்கு பின்னேரம் விறாந்தையிலை சோக்கட்டியாலை கட்டம் கீறினன். பென்சன், கிட்ட, மரியாதை, மேலதிகாரியின்ரை குணம், கக்கூஸ். கக்கூஸ் ஏனோ. வெளியிலை வேலைக்குப் போற பொம்பிளையளைக் கேட்டுப் பாருங்கோ, முதல் கட்டமே அதுதான். இவர், என்ரை மனுசன், வந்தார், இருந்தார், பத்தையும் பென்சனிலை வைச்சார். எனக்குப் பென்சன் வர இன்னும் இருவத்துநாலு வருசம் கிடக்கு, மனுசன் இப்பவே சாப்பிடத் தொடங்கியிட்டார். மாமி பத்தையும் ‘கிட்ட’ எண்டதிலை வைச்சா. கிட்ட இருந்தாத்தானே மத்தியானம் ஓடி வந்து சோறு வடிக்கலாம். மகள் மரியாதையிலை அஞ்சு வைச்சாள், மிச்சத்திலை சுண்டி விளையாடினாள். நான் வைப்பம் எண்டு பையைத் திறந்தா… எனக்குக் கொட்டை இல்லை. முப்பதுதான் கொண்டுவந்தனான். என்னை எண்ண மறந்துபோனன்.

பிறகென்ன. கூட்டிப் பாத்தா, பென்சனும் வேணும், கிட்டவும் வேணும். அப்ப அரசாங்க வேலை, மன்னார் ரவுணிலை. அப்பீல் எழுது எண்டு தீர்ப்பு. இவர் சொல்லுறார், ‘உன்னைக் கேக்காமல் அவங்கள் எப்பிடி அங்கை தூக்கி எறிவாங்கள்’ எண்டு. மாமி இயேசுவே எண்டு நெஞ்சிலை கைவைச்சா. நானும் சேந்து, ஓம் பாருங்கோவன் அநியாயத்தை எண்டன்.

விண்ணப்பத்தின்ரை கொப்பியும் சேத்து வைக்கோணுமாம். இந்தாங்கோ, போட்டோக்கொப்பி எடுங்கோ… என்ன, மெசினிலை வைக்காமல் பாக்கிறீங்கள். ஓம், என்ரை எழுத்துத்தான். விரும்பும் இடங்களை ஒழுங்குப்படி இலக்கமிடுக. ஓம். கொண்டச்சி ஒண்டு, பாப்பாமோட்டை ரெண்டு, மன்னார் ரவுண் மூண்டு. ஓம், அப்பிடித்தான் கிடக்கு.

அது… அது கொட்டை வைச்ச பழக்கம், தங்கச்சி. எங்களுக்குக் கூட வைக்கிறதுதானே நல்லது. மூண்டு கொட்டை மன்னாருக்கு, ஒரு கொட்டை கொண்டச்சிக்கு. அரசாங்கத்திலை ஒண்டுதான் முதல் எண்டு அந்த நேரம் எனக்கு மூளை ஓடேல்லை. வீட்டிலை கேட்டாலும் இதைத்தான் சொல்லுவன் எண்டு வைச்சிருக்கிறன்.

நம்பேல்லை என்ன. மூஞ்சையைப் பாக்கத் தெரியுது. மூண்டு வருசமா போம் நிரப்பினவளுக்கு ஒண்டு எது மூண்டு எது எண்டு தெரியாதோ எண்டு யோசிக்கிறீங்கள்.

கொஞ்சம் அந்தக் கதவைச் சாத்துங்கோ… வேண்டாம், திறந்தே கிடக்கட்டும், வேர்க்குது.

கேளுங்கோ. எனக்குப் பதினாலு வயசிலை, சண்டை நேரம், படகிலை ஏத்தினவை. எங்கை போறம் எண்டு ஆரும் கேக்கேல்லை. இந்தியாவிலை, மண்டபம் காம்பிலை இறக்கினவை. அங்கையிருந்து லொறியிலை ஏத்தி இன்னொரு காம்ப். அங்கை கிடந்துதான் படிச்சனான், பட்டம் எடுத்தனான், அந்தப் பட்டத்தை இஞ்சை ஒப்புக்கொள்ளப் பண்ணவே ஒரு வருசம் போச்சு. கலியாணமும் காம்பிலைதான். பிறகு திரும்பலாம் எண்டு வந்தா, மனுசன்ரை ஊர் கீரி, அப்ப எனக்கும் கீரி. குறை சொல்லேல்லை, இவர் நல்ல மனுசன். ஆனா பாருங்கோ, என்னை ஒரு இடத்துக்கும் ஆரும் கேட்டு அனுப்பினதில்லை. இந்தப் போம்தான் முதன்முதல் கேட்டது. உனக்கு எங்கை விருப்பம், ஒண்டு ரெண்டு மூண்டு போடு எண்டு. பேனையை வைச்சுக்கொண்டு நல்ல நேரம் இருந்தன்.

போன வருசம் கணக்கெடுப்புக்கு ஒரு கிழமை கொண்டச்சியிலை நிண்டனான். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் போய், புத்தளத்திலையிருந்து திரும்பி வந்த முஸ்லிம் சனம். எங்களை மாதிரித்தான், வேறை திசையாலை வந்தவை. உம்மு ஸல்மா எண்டு ஒரு அக்கா, தகரக் கொட்டிலுக்குள்ளை பாய் விரிச்சு இருத்தினா. பேர் என்ன எண்டு கேட்டா. நான் பழக்கத்திலை, றெக்சன்ரை மனுசி எண்டன். ‘அது அவர்ட பேர், உங்கட பேர் என்ன?’ எண்டா. எனக்கு உடனை வாய்க்கு வரேல்லை, தங்கச்சி. கீரியிலை நான் மெற்றில்டாவின்ரை மருமகள். நான் பிறந்த பாப்பாமோட்டையிலை அப்பா செல்லத்துரையின்ரை பெட்டை. இஞ்சை ரவுணிலை ஸ்கூட்டி மிஸ். கொண்டச்சியிலை அந்த ஒரு கிழமையும் எல்லாரும் ஜெயகௌரி எண்டு கூப்பிட்டவை. மத்தியானம் மரத்துக்குக் கீழை இருந்து, ஒருத்தருக்கும் பரிமாறாமல், ஆறுதலா என்ரை சோத்தை நானே சாப்பிட்டன். காத்தும் அந்த மாதிரிச் சுகம்.

கள்ளத்தனந்தான். வேறை ஒருத்தரும் கொண்டச்சிக்கு ஒண்டு போடமாட்டினம், அதாலை எனக்குக் கட்டாயம் கிடைக்கும் எண்டும் கணக்குப் பாத்தனான். கிடைச்ச அண்டைக்குத்தான் பயம் பிடிச்சது. ரெண்டு பஸ் எண்டது பொய்யில்லை. சமைக்கிற நேரம் என்ன செய்யிறது, இவர் கோவிப்பார், மாமி… சரி, மாமியை விடுவம். அதுதான் இஞ்சை வந்து உங்கடை உயிரை எடுக்கிறன்.

மணி என்ன. மூண்டரையோ. என்ரை கடவுளே, கதையிலை விட்டிட்டன்.

கேளுங்கோ, அப்பீலை முடியுங்கோ. மாமியின்ரை முழங்காலையும் போடுங்கோ, பிள்ளையின்ரை வயசைப் போடாமல் சிறுபிள்ளை எண்டு போடுங்கோ, கதிரையையும் போடுங்கோ. நல்ல மனவேதனையா இருக்கட்டும். ஒரு கொப்பி காணும். ஒண்டேதான். வீட்டிலை காட்டத்தான். குடுத்தனான், பதில் வரேல்லை எண்டு சொல்லுவன். அரசாங்கம் பதில் போடாதது ஆருக்குப் புதினம்.

இப்ப இன்னொண்டு அடியுங்கோ, கெதியா. சம்மதக் கடிதம், மூண்டு கொப்பி. ‘மேற்படி நியமனத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்பதை அறியத்தருகிறேன்.’ ஓம், ரெண்டு வரி போதும். எங்கை பாப்பம்… சரியாத்தான் கிடக்கு.

பொறுங்கோ. ‘ஏற்றுக்கொள்கிறேன்’ எண்டதுக்கு முன்னாலை ‘விருப்பத்துடன்’ எண்டு ஒண்டு போடலாமோ. போடுங்கோவன். அது மாமி வாசிக்கிற கடிதம் இல்லைத்தானே.