கேளாமல் வரும் கோப்பி

— அப்ப உன்ரை ஒப்பீஸ் அப்புக்காத்தருக்கு எத்தினை கரண்டி சீனி எண்டு உனக்குப் பாடம். என்ன, அகஸ்ரீனா?

— அவருக்கு மட்டுமே? அங்கை வழக்குச் சொல்ல வாற கட்சிக்காரர் எல்லாருக்கும் பாடம். முதல்தரம் வரேக்கை செக்ரட்டரி கேட்டு எனக்குச் சொல்லுவா. அடுத்தமுறை அவை வாய் திறக்க முன்னம் நான் கொண்டுபோய் வைக்கோணும். லண்டன் தலைமை ஒப்பீஸிலையிருந்து ஃபாக்ஸிலை வந்த சட்டமப்பா அது.

— இத்தாலியிலை, இந்தப் பலேர்மோவிலை கோப்பி ஊத்த லண்டனிலை சட்டம். புருசன் லிபெர்த்தாத் தெருவிலை சின்யோரா வீட்டு நிலத்தைத் துடைச்சுப்போட்டு வாறான், அவனுக்கு ஆறின தேத்தண்ணி.

— நீங்கள் வாற நேரம் சொன்னால் சுடச்சுடத் தருவன்தானே.

— அந்தாள் வாற நேரம் மட்டும் தெரியுமாக்கும். போன கிழமை வாசலிலை உனக்குக் குடை பிடிச்சவர். நான் தெருவுக்கு அங்காலை நிண்டு பாத்தனான்.

— மழையப்பா அண்டைக்கு. எழுபது வயசு மனிசன் அவர்.

— வயசைச் சொல்லி ஏய்க்காதை. எனக்கு வயிறு எரியுது. நாள் முழுக்க உன்னோடை என்னதான் கதைக்கிறார்?

— அங்கத்தைக் கதை வெளியிலை வரக்கூடாது. ஆர் வந்தது, என்ன சொன்னது, ஒண்டும். அதுதான் அவையின்ரை முதல் சட்டம்.

— புருசனுக்குமோ?

— புருசனுக்கும்.

— மன்னார்க் கோயில்லை உன்ரை கையைப் பிடிச்சவன் நான். உன்ரை விசுவாசம் எல்லாம் அந்த ஒப்பீஸுக்கு.

— அந்தச் சட்டத்தாலைதான் ரண்டு நாளா இந்த வீட்டிலை சண்டையில்லை.

— என்ன கதை இது?

— வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு நான் வேலைக்குப் போகேல்லை. வெள்ளி போக, செக்ரட்டரி புதுசா ஒரு கட்சிக்காரரைப் பற்றிச் சொன்னா. மேல்மாடிக்கு வந்தவராம். மேல்மாடியிலை பாக்கிறது பெண்சாதி புருசன் பிரியிற வழக்கு மட்டும்தான்.

— ஆராம்?

— பேர் சொல்லேல்லை, அது சட்டம். ஆள் கோப்பி வேண்டாமெண்டவராம். பால்தேத்தண்ணி, நாலு கரண்டி சீனி. குடிக்க முன்னம் இன்னொரு கோப்பை வாங்கி, அதுக்குள்ளை ஊத்தி ஊத்தி ஆத்தினவராம். அவைக்கு ஒரே புதினம், இப்பிடி ஒருத்தரும் குடிச்சுப் பாத்ததில்லையாம்.

— இஞ்சேர், நான் அந்தாளின்ரை மூஞ்சையைக் கிட்டப் பாக்கத்தான் போனனான். ஏதாவது வழக்குச் சொல்லாட்டி உள்ளை விடமாட்டினம். வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன்.

— மூஞ்சை பாக்க ஒருக்காப் போனது காணாதோ? திங்கட்கிழமையும் நேரம் கேட்டு வாங்கியிருக்கிறியள்.

— அகஸ்ரீனா...

— நான் ஒண்டும் கேக்கேல்லை. திங்கள் வாங்கோ, சின்யோர் கிறிகோரி. உங்கடை தேத்தண்ணி கேளாமலே வரும்.