பெட்டிக்குப் பேர், பாடகிக்குப் பழி

கச்சேரிக் கலைஞர் சங்கத்தின் கனிவுமிகு தலைவர் அவர்களே, விரல் தேய வாசித்தும் வீறு தேயாத பெரியோர்களே, பிள்ளைகள் மேடையேறினால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒலிபெருக்கி நிறுவனத்து விருந்தினர்களே, அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

இந்த நிறுவனத்தின் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பாராட்டிப் பேச என்னை அழைத்தார்கள். அதற்கு நாம் வைத்த செல்லப்பெயர் என்ன? ஆமாம், சரியாகச் சொன்னீர்கள். எருமை. மழை பெய்தாலும் அசையாது, வெயில் அடித்தாலும் அயராது, வண்டியிலிருந்து விழுந்தாலும் எழுந்து முழங்கும். எருமை இருக்க மாற்றுப் பெட்டி எதற்கு என்று கேட்டவர்கள் யார்? நாம். புதிதாய்த் தொழிலுக்கு வந்தவர்களை வாங்க வைத்தவர்கள் யார்? நாம். விளம்பரம் வளர்க்காத பேரை நம் வாய் வளர்த்தது. அந்த வாயிடம்தான் இன்று நியாயம் கேட்கிறேன்.

பெரிய அரங்கு. வாழ்நாளெல்லாம் பின்பாட்டுப் பாடிய எனக்குக் கிடைத்த முதல் தனிக்கச்சேரி. என் குரலை எனக்கே கேட்கச் செய்யும் பெட்டியாக, காலடியில் எருமை. பாட்டின் நடுவே அது அடங்கிவிட்டது. டிரம்ஸ் அதிர, கிடார் முழங்க, என் குரல் எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவள் சுவரில் மோதாமல் என்ன செய்வாள்? சுருதி போனது. சபை சிரித்தது. அதன்பின் என்னை யாரும் அழைக்கவில்லை.

பெட்டி, நம் டிரம்மர் தம்பியுடையது. "உண்மையச் சொல்லிடுப்பா" என்று கெஞ்சினேன்.

"எருமை எங்கயாச்சும் கெடுமாக்கா? என் பெட்டி மக்கர் பண்ணுச்சுன்னு சொன்னா, வெச்சுக்கத் தெரியாதவன்னு என்னைத்தான் சொல்லுவாங்க."

அங்கே யார், ஒயர் கோளாறு என்பது? காதில் விழுகிறது ஐயா. ஒயரைச் சொல்வோம், கரண்டைச் சொல்வோம், கடைசியில் பாடகியைச் சொல்வோம். எருமையை மட்டும் சொல்லமாட்டோம். உங்கள் வீட்டுப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு, கட்டிலுக்கடியில் போர்வை போர்த்திய எருமை ஒன்று செத்துக் கிடக்கிறது. தன்னுடையது மட்டும்தான் கெட்டதென்று ஆளாளுக்கு நினைத்து ஒளித்துவைக்கிறோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நம்மை விட்டால் யார்?

வீட்டில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்க்கிறேன். சுருதி சேர்கிறது. ஆனாலும் மனம் நம்ப மறுக்கிறது. "தொண்டைக்கு ஒரு டாக்டரப் பாருடி" என்கிறாள் அம்மா. பெற்றவளே பெட்டியைத்தான் நம்புகிறாள். இதைவிட நான் உடைந்துபோக வேறென்ன வேண்டும்?

ஆகவே கேட்கிறேன். மேடையில் எருமை யாரையெல்லாம் கைவிட்டதோ, அவர்கள் கையை உயர்த்துங்கள். என் பேரை மீட்க ஒரு கை போதும்.

ஒருவருமா இல்லை?

டிரம்மர் தம்பி, குனிந்து ஷூவைக் கட்டவேண்டாம். புரிகிறது.

விருந்தினர்களே, விளம்பரத்தில் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சங்கத்தில் உங்கள் பெட்டி கெட்டதே இல்லை, கெட்டது நான்தான். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எனக்கு அடுத்து இங்கே பாடப்போகும் தங்கைக்கும், அவள் காலடியில் வைத்திருக்கும் எருமைக்கும் என் வணக்கம்.