வானத்துக்கு இரண்டாவது கோட்

"ஐந்தே நிமிடம்" என்று விரல் ஐந்தையும் விரித்துக் காட்டிவிட்டு, அவற்றை இன்னும் மடக்காமலிருக்கும் பெருந்தன்மை மிக்க அவைத் தலைவர், நம் நூலகர் அம்மையார் அவர்களே! முழங்கால் வலியையும் மாடிப்படியையும் ஒருசேர வென்று வந்திருக்கும் பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பழைய கணினி விளையாட்டுகளைத் தூசி தட்டித் துலக்கித் தரும் இளைஞர் குழுவினரே! மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பின்னால், என் கண்ணில் படவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியாரே! எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

கணினியைப் பற்றிப் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? நான் படித்தவனா? எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை, எனக்குப் புரியாது என்பது புரிந்தது. பொறியாளனா? வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். எந்தச் சுவரைப் பார்த்தாலும் "இன்னொரு கோட் அடிச்சாத்தான் சரிவரும்" என்று சொல்லிச் சொல்லியே 'ரெண்டாவது கோட்' என்று பட்டம் வாங்கியவன்.

என்ன மச்சான், பின்னாலிருந்து ஏதோ சொல்கிறீர்கள்? கல்யாணத்தன்று என் முகத்துக்கும் இரண்டு கோட்டா? தவறு, மூன்று! அதன் பிறகும் உங்கள் அக்காள் சம்மதித்தாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். திருமணத்துக்கு முன் அவள் ஒரு சிறிய கம்பெனியில் கணினி விளையாட்டுக்குப் படம் வரைந்தாள். இருட்டுவதற்குள் ஒரு படகோட்டி கலங்கரை விளக்கத்தை அடைய வேண்டும், அதுதான் விளையாட்டு. படகும் அவள் வைத்த புள்ளி, பாறையும் அவள் வைத்த புள்ளி, கடலும் வானமும் அவள் வைத்த புள்ளி! கம்பெனியை மூடிவிட்டார்கள். அவள் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் போனாள். அந்தப் படகோட்டியைப் பற்றி அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை.

இந்த இளைஞர் குழுவில் இருக்கும் என் மகள், இந்தக் கூட்டத்தில் காட்டுவதற்காக அந்த விளையாட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்தாள். பிடித்தவள் புது மானிட்டரில் போட்டாள். என்ன ஆயிற்று? அன்றைக்குத் திரையை நிறைத்த படம், இன்றைய திரையின் மூலையில் ஒட்டிய தபால்தலை ஆயிற்று! இழுத்துப் பெரிதாக்கினால், வெந்நீர்க் குளியலறைக் கண்ணாடி போல ஒரே கலங்கல். தானாகவே ஊகித்துப் பெரிதாக்கும் மென்பொருளிடம் கொடுத்தாள். அது படகோட்டியின் தாடியைத் துண்டு என்று நினைத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டது. கடைசியில் ஒவ்வொரு புள்ளியையும் ஒரே அளவுக் கட்டமாகப் பெருக்கினாள். தெளிவு வந்தது. வந்த தெளிவில், வானமெங்கும் சிவப்பும் மஞ்சளுமாகப் பொரிப் பொரியாய்த் தெரிந்தது.

பார்த்தாள் என் மனைவி.

"நானா இதை வரைஞ்சேன்? அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு. கூட்டத்துல காட்டாதீங்க. காட்டினாலும் என் பேரைப் போடாதீங்க."

"அம்மா, இது உன் படம்மா!"

"வேண்டாம்னா வேண்டாம். விடுடீ."

துணி மடிக்கப் போய்விட்டாள். மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் தலையையே விடுகிறவன்! மகள் கடைக்குப் போன நேரம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் ஒரு பெயின்ட் வாளி தெரிந்தது. வாளியைக் கண்டபின் எனக்கு வேறு யார் சொல்லித்தர வேண்டும்? மஞ்சள் கட்டம் ஒவ்வொன்றிலும் சிவப்பை ஊற்றினேன். திட்டுத் திட்டாய்க் கிடந்த வானத்தைத் திவ்வியமாய்ச் சமப்படுத்தினேன். நிமிர்ந்தால் பின்னால் அவள் நிற்கிறாள்.

"யாருங்க என் வானத்துக்குப் பெயின்ட் அடிச்சது?"

"நான்தான். ஒரே சீரா ஆக்கிட்டேன். இப்ப கூட்டத்துல காட்டலாம்ல?"

"அய்யோ, அது திட்டு இல்லைங்க! அது அந்தி!"

கேட்டீர்களா? பார்க்கவே கூசியவள், பதறிக்கொண்டு வருகிறாள்!

"மொத்தமே பதினாறு கலர். அதுல ஆரஞ்சே கிடையாது. ஆரஞ்சு இல்லாம எங்கேயிருந்து அந்தி வரும்? சிவப்பு ஒண்ணு, மஞ்சள் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வெச்சேன். அந்தப் பழைய பெட்டி மானிட்டர்ல ஒண்ணோட ஒண்ணு கசிஞ்சு ஆரஞ்சாத் தெரியும். கடல்கிட்ட வர வர மஞ்சளைக் கூட்டினேன். ராத்திரி வந்துடக் கூடாதேன்னு பாத்துப் பாத்து வெச்சதை, நீங்க வழிச்சு எடுத்துட்டீங்க!"

வாசலில் பையோடு நின்ற மகள் சிரித்தாள். "உன் படத்தை அப்படியே ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கேம்மா. அப்பா இருக்கற வீட்டுல காப்பி எடுக்காம வேலை செய்வேனா?"

"இப்ப எத்தனை கலர்டீ இருக்கு?"

"கணக்கே இல்லம்மா. நீ நினைச்ச எல்லா ஆரஞ்சும் இருக்கு."

அவள் திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எந்திரிங்க. நாற்காலி வேணும்."

எழுந்தேன் அவையோரே! என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம், அந்த நாற்காலியிலிருந்து எழுந்ததுதான்!

பெரிதாக்குவது என்றால் என்ன? இழுப்பதா? தேய்ப்பதா? என்னைப் போல மெழுகுவதா? இல்லை! வைத்த கை எதை எண்ணி வைத்தது என்று கேட்டறிந்து வளர்ப்பது! அன்று கிடைக்காத நிறத்தைக் கிடைத்த இரண்டு நிறங்களுக்கு நடுவே வரவழைத்தாள் அவள். அந்த நிறம் இன்று தானே அவளைத் தேடி வந்திருக்கிறது. தாய் சொல்லச் சொல்ல மகள் தீட்டினாள். சிவப்பிலிருந்து செம்மஞ்சள், செம்மஞ்சளிலிருந்து பொன்! அந்த வானம் இப்போது என் முதுகுக்குப் பின்னால், இந்தத் திரையில் காத்திருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. படத்தைக் காட்டச் சம்மதித்தாள். பெயரைப் போட மட்டும் இந்த நொடிவரை சம்மதிக்கவில்லை. மகளின் விரல் பொத்தான்மேல் நிற்கிறது. தூணுக்குப் பின்னாலிருக்கும் அம்மையாரே, உங்களைத்தான்! போடலாமா?

என்ன? கேட்கவில்லையே. "உங்க பேரையும் போடுங்க, வானத்தைக் கெடுத்தவர்னு" என்கிறாளா? போடுகிறோம்! பெரிய எழுத்தில் போடுகிறோம்! உங்கள் பெயர்?

தலையை ஆட்டுகிறாள்! தாய்மார்களே, நீங்களே சாட்சி, மேலும் கீழுமாகத்தான் ஆட்டுகிறாள்!

நூலகர் அம்மையாரே, இனி விரல்களை மடக்கிக்கொள்ளலாம். பொறுமையோடு கேட்டவர்களுக்கும், சிரித்த மச்சானுக்கும், காப்பி எடுத்து வைத்த மகளுக்கும் நன்றி. அந்தப் பெயரை நான் சொல்ல மாட்டேன்; திரையில் நீங்களே படியுங்கள். விளக்கை அணையுங்கள். அந்தி வரட்டும்! வணக்கம்.