இருபதா, இருபத்தெட்டா

காடைக்கு இருபது கேஜ் துப்பாக்கி நல்லதா, இருபத்தெட்டு நல்லதா என்று யார் கேட்டாலும் நான் இருபத்தெட்டு என்றுதான் சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன். அதனால்தான் தேவாலயத்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கிறது. எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும், தோட்டாவில் ஈயமும் குறையும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், மிஸ்டர் டில்மன். வனவிலங்குத் துறை அதிகாரிக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என்னைப் பாடம் படிக்க அனுப்பத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

உட்காருங்கள். தேநீரில் சர்க்கரை தூக்கலாக இருக்கும். இந்த வீட்டில் இனிப்பாக மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

உங்கள் அறிக்கையை என் தம்பி மகள் கொரின் உரக்கப் படித்துக் காட்டினாள். ஜனவரி மாதக் காடை வேட்டையில் அவள் கணவன் கிரெக் நோவாக்கின் மீது ஈயக் குண்டுகள் பட்டு, அவனுக்கு இரண்டு கண்களும் போயின. சுட்டது அவளுடைய அத்தை, லவினியா ஹார்ட்ஸ்ஃபீல்ட், வயது எழுபத்தாறு. இதுவரை எல்லாம் சரி. வயதைக்கூட நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு எழுதியிருக்கிறீர்கள்: பார்வை மங்கல், பறவையைத் தொடர்ந்து கவனக்குறைவாகக் குழலைத் திருப்பியதால் நேர்ந்த விபத்து. ஆகவே, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை நான் முடிக்க வேண்டும்.

அந்த அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

கிரெக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். வடக்கே கிளீவ்லாந்துக்காரன், அவ்வளவுதான். முதல் வேட்டைக்கே பன்னிரண்டு கேஜ் தானியங்கித் துப்பாக்கியோடு வந்து நின்றான். இந்தப் பக்கத்தில் காடைக்கு அதைக் கொண்டுவருவது சாவு வீட்டுக்குக் கல்யாண மேளம் கொண்டுவருவது போல. ஒரு காடைக்கூட்டம் எழும்பினால் நாங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவோம். அடுத்த ஆண்டும் அவை அங்கே இருக்க வேண்டும். அவன் ஐந்தை வீழ்த்திவிட்டு, மீதி எங்கே போய் உட்கார்ந்தது என்று கேட்டான். என் கையிலிருந்த இருபத்தெட்டைப் பார்த்துவிட்டு, “அத்தை, இது கொசு அடிக்கத்தான் லாயக்கு” என்றான்.

“கொசுவும் வடக்கேருந்துதான் வருது மாப்பிள்ளை” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். எதைச் சொன்னாலும் சிரிப்பான்.

அடுத்த கோடையில் களிமண் தட்டு வீசும் இயந்திரம் ஒன்றை வாங்கி மேய்ச்சல் நிலத்தில் நட்டான். அட்லாண்டாவிலிருந்து ஆட்கள் கட்டணம் கட்டி வந்து, இயந்திரம் வீசும் தட்டுகளைச் சுட்டு உடைத்தார்கள். வாயில் கதவில் பலகை ஒன்று தொங்கியது. அதில் அவன் பெயரைப் போட்டிருந்தால் நான் பொறுத்திருப்பேன். ஹார்ட்ஸ்ஃபீல்ட் என்று போட்டிருந்தான். உடைந்த தட்டுகளின் ஆரஞ்சுச் சில்லுகள் எங்கள் வேட்டை நாய்களின் கல்லறைகள் மீது விழுந்து கிடந்தன. அதைச் சொன்னேன்.

“நாய்ங்க ஒண்ணும் சொல்லல அத்தை” என்றான்.

கொரினைப் பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நான்தான் வளர்த்தேன். தாயில்லாத பிள்ளைக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தேன், எதற்குச் சிரிக்கக் கூடாது என்பதைத் தவிர.

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் கிரெக்குக்கு ஒரு பரிசு கொடுத்தேன். என் அப்பாவின் நானூற்றுப்பத்து. துப்பாக்கிகளிலேயே மெலிந்தது அது. தோளை உதைக்காது என்பதால் விவரம் தெரியாதவர்கள் அதைக் குழந்தைகள் கையில் கொடுப்பார்கள். உண்மையில் அதுதான் ஆக முரண்டு பிடிக்கிற துப்பாக்கி. தோட்டாவில் ஒரு கைப்பிடிக் கடுகு அளவுகூட ஈயம் இருக்காது. பறவை கொஞ்சம் விலகிவிட்டால் சுட்டும் பயனில்லை. எங்கள் குடும்பத்திலேயே அப்பா ஒருவர்தான் அதைக் கொண்டு ஒழுங்காகச் சுட்டார். அவரும் அதற்காக நிறையப் பொய் சொன்னார்.

“இது வெளியாள் கைக்குப் போனதில்ல மாப்பிள்ளை” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். “நீ இனிமே வெளியாள் இல்ல.”

அவன் கண் கலங்கிவிட்டது. “என்ன சொல்றதுன்னே தெரியல அத்தை. எவ்ளோ லேசா இருக்கு. பல்லு குத்தலாம் போல.”

“சும்மா இருங்க” என்றாள் கொரின். “அத்தை இதுவரைக்கும் யாருக்கும் எதுவும் குடுத்ததில்ல, தலைவலியத் தவிர.”

“அதுவும் கேட்டவங்களுக்குத்தான்” என்றேன்.

இனி வேட்டையில் அவன் அதைத்தான் எடுத்துவர முடியும். பரிசாக வந்த குடும்பத் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுப் பன்னிரண்டைத் தூக்கிக்கொண்டு வர அவனாலும் முடியாது. அவன் தவறவிடத் தொடங்கினான். வாரம் முழுவதும் தவறவிட்டான். அட்லாண்டா விருந்தாளிகள் முன்னால் தவறவிட்டான். அது ஓர் அழகான வாரம், மிஸ்டர் டில்மன். இரவுச் சாப்பாட்டை நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு, நான் எதிர்பார்த்தது நடந்தது. வீச்சு குறைந்த துப்பாக்கி ஆளை முன்னால் இழுக்கும். வேட்டையில் நாய் மோப்பம் பிடித்து உறைந்து நின்றதும், சுடுகிற இருவரும் தோளுக்குத் தோள் ஒரே வரிசையில் வர வேண்டும். இடப்பக்கப் பறவை இடப்பக்கத்தில் இருப்பவருக்கு, வலப்பக்கப் பறவை மற்றவருக்கு. யாரும் வரிசையைத் தாண்டுவதில்லை, யாரும் குறுக்கே குழலைத் திருப்புவதில்லை. கிரெக் இரண்டடி முன்னால் போனான். மறுநாள் பத்தடி. பிறகு நாயையே தாண்டிப் போய் நின்றான்.

எங்கள் நாய்களைப் பழக்குகிற எல்லிஸ் அவனை எச்சரித்தார். “சார், வரிசையத் தாண்டாதீங்க. நாய்க்கு முன்னால நிக்கிறது எல்லாமே எங்களுக்குக் காடைதான்.”

“இந்தப் பல்குச்சிய வச்சுக்கிட்டு அங்கேருந்து சுட்டா காடை சிரிக்குது எல்லிஸ்.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது சார். சிரிப்பு யாரையும் கொன்னதில்ல.”

எல்லிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவனைத் தடுக்க வேண்டியது மூத்தவளான நான். அப்போது என் காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. குனிந்து பார்த்தேன். அவிழவில்லை.

மறுநாள் காலையில் துப்பாக்கி அலமாரியின் முன் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றேன். நாற்பது ஆண்டுகளாக நான் இருபத்தெட்டைத்தான் எடுத்திருக்கிறேன். தோளில் பதிகிற கட்டை எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது. கன்னத்தில் வைத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் அவன் அப்போது வெகு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தான், அதுவும் தடித்த கித்தான் உடுப்பில். அந்தத் தூரத்துக்கு இருபத்தெட்டின் ஈயம் போதாது. பக்கத்தில் என் தம்பி ரூஃபஸின் இருபது இருந்தது. கடைசிக் காலத்தில் அவன் வாங்கியது. நான் அதை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. குழல் என்றால் குழல்தானே என்று நினைத்தேன்.

ஆமாம், மிஸ்டர் டில்மன். பேனாவைக் கீழே வைக்காதீர்கள். தூரத்தைக் கணக்குப் போட்டது காடைக்காக அல்ல.

பைன் மரங்களுக்குக் கீழே நாய் நின்றது. கிரெக் இடப்பக்கமாக அதைத் தாண்டிப் போனான். கூட்டம் எழுந்தது. ஒரு பறவை மட்டும் இடமாக வளைந்து அவனுக்குப் பின்னால் போயிற்று. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. பறவையைத் தொடர்ந்து குழலைத் திருப்பினேன் என்று நீங்கள் எழுதியது தவறு. பறவை வருவதற்கு முன்பே குழல் அவன் மீது இருந்தது. பறவை வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான்.

நான் சுட்ட அந்த நேரத்தில் அவன் அந்தப் பறவைக்காக என் பக்கம் திரும்பினான்.

மருத்துவமனையில் கட்டுப்போட்ட முகத்தோடு கிடந்தான். நான் உள்ளே வந்த காலடிச் சத்தத்தைக் கேட்டதும் கையை நீட்டினான். “அழாதீங்க அத்தை. தப்பு என்னோடது. எல்லிஸ் அவ்ளோ சொல்லியும் வரிசையத் தாண்டுனது நான்தான்.”

நான் அழவில்லை. சளி பிடித்திருந்தது. “போகட்டும் மாப்பிள்ளை. நான் மன்னிச்சுட்டேன்” என்றேன். ஒருவர் மன்னிப்புக் கேட்கும்போது மறுப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. கொரின் என் தோளில் சாய்ந்து நன்றி சொன்னாள். அதையும் ஏற்றுக்கொண்டேன்.

இப்போது பலகை இல்லை, இயந்திரம் இல்லை. சாப்பாட்டு வேளையில் நானே அவன் கையைப் பிடித்து மேசைக்கு அழைத்து வருகிறேன். கோழிக்கறியை எலும்பு நீக்கி வைக்கிறேன். யாராவது பேசத் தொடங்கினால் தலையைச் சாய்த்து, முடியும்வரை கேட்கிறான். குறுக்கே சிரிப்பதில்லை. இவ்வளவு பண்பான ஒருவனை இந்தக் குடும்பம் மருமகனாக அடைந்ததில்லை என்று சில நாள் எனக்கே தோன்றுகிறது. அதில் என் பங்கையும் மறுக்க முடியாது.

பிறகு ஏன் இதைச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதத் தொடங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது. அவசரப்படாதீர்கள். போன ஞாயிறு தேவாலயப் படியில் மிஸஸ் ஆடம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “பாத்து வினி, ரெண்டு படிதான் இருக்கு” என்றாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஊர் முழுக்க அதே பேச்சு: பாவம் வினி, கண் போய்விட்டது, எதைச் சுடுகிறோம் என்றே தெரியவில்லை. கொரின் துப்பாக்கி அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள், மிகுந்த அன்போடு. இப்போது உங்கள் வகுப்பு வேறு. குழலின் எந்த முனை முன்முனை என்று படம் போட்டுக் காட்டுவார்களாமே.

பார்வையில்லாதவன் மன்னிப்புக் கேட்டதை நான் தாங்கிக்கொண்டேன். மிஸஸ் ஆடமின் கையைத் தாங்க முடியவில்லை.

ஆகவே திருத்தி எழுதுங்கள். விபத்து அல்ல. குறி பார்த்து, வேண்டுமென்றே சுட்டேன். எங்கே குறி பார்த்தேன் என்றா? சொல்ல எனக்கென்ன வெட்கம். கால்சட்டையின் பின்பக்கம். அந்தத் தூரத்தில் பத்துப் பதினைந்து குண்டு தோலில் ஏறியிருக்கும். இரண்டு வாரம் நின்றுகொண்டே சாப்பிட்டிருப்பான். மாவட்டமே சிரித்திருக்கும், இந்த முறை அவனைப் பார்த்து. அந்தச் சிரிப்பு அவனைக் கிளீவ்லாந்துக்கு விரட்டியிருக்கும். என் நோக்கம் அவ்வளவுதான். நான் ஒன்றும் அரக்கி இல்லை.

அந்த இருபது அலமாரியில்தான் இருக்கிறது. கொரின் சாவி தருவாள். போய்ப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

எடுத்து வந்துவிட்டீர்களா? ஏன் அதையே தோளில் வைத்து வைத்துப் பார்க்கிறீர்கள்?

“ரூஃபஸ் சார் இத தட்டு சுடறதுக்குன்னே கட்டைய ஏத்தி வச்சிருக்காரு” என்கிறீர்கள். “மேல ஏறிக்கிட்டே போற தட்டுக்காகக் குறிக்கு மேலயே சுடற மாதிரி. காடைத் துப்பாக்கியே இல்லம்மா இது.” அப்படியா. என் தம்பி கடைசிக் காலத்தில் தட்டு சுடப் போய்வந்தான் என்பது தெரியும். அவன் தனியாகப் போனான். அந்த விளையாட்டை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இடுப்புக்குக் கீழே குறி வைத்தேன், நெஞ்சிலும் முகத்திலும் பட்டது. அப்படியானால் குறி தவறிவிட்டது என்றுதானே எழுத வேண்டும் என்று கேட்கிறீர்கள். வேண்டுமென்றே சுட்டது, ஆனால் தவறிய குறி. அதுதான் எனக்கும் நல்லது, நீதிபதியும் இரக்கப்படுவார் என்கிறீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள். இப்போது எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் பேசுகிறார்கள்.

கொஞ்சம் இருங்கள்.

கால்சட்டையைப் பற்றி நான் சொன்னதை அடித்துவிடுங்கள். நன்றாக, படிக்க முடியாதபடி. இதைக் கொரின் படிப்பாள் என்று தெரியும். படித்துவிட்டு, கிரெக்குக்கும் அவள்தான் படித்துக் காட்டுவாள், அதுவும் தெரியும். கண்களைக் குறி பார்த்தேன் என்று எழுதுங்கள். இரண்டையும். குறி பார்த்த இடத்தில் பட்டது என்றும் எழுதுங்கள்.

எழுதியாயிற்றா? கண்ணாடியெல்லாம் வேண்டாம், கொடுங்கள். கையெழுத்துக்கான கோடு எங்கே இருக்கிறது என்று மட்டும் விரலை வைத்துக் காட்டுங்கள்.