மூடியைத் திறந்து வைத்த சோதனை

கம்ப்யூட்டருக்கு ரேம் வாங்கினால் ஜோடியாக வாங்க வேண்டும் சார், ஒரே பெட்டியில் வருகிற இரண்டு. இன்றைக்கு ஒன்று, அப்புறம் ஒன்று என்று வாங்கிப் போட்டால் மாமியார் மருமகள் கதைதான். ஒரே வீட்டில் இருக்கும், ஒத்துப்போகாது. கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. அவர்களுக்குக் கவலையெல்லாம் கலர் கலராக விளக்கு எரியுமா என்பதுதான்.

என் தம்பி அப்படியெல்லாம் கேட்டதில்லை. கேம் ஆடுவதற்கென்று புதுக் கம்ப்யூட்டர் பூட்டித் தரச் சொன்னபோது, "நீ எதப் போட்டாலும் சரிண்ணே, உனக்குத் தெரியாததா" என்றான். வெளியூர் கேம் டீம் ஒன்று அவனை இங்கிருந்தே நெட் வழியாகத் தங்களோடு சில ஆட்டங்கள் ஆடவைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது. தேறினால் அங்கேயே போய்த் தங்கிவிட வேண்டும். அதைச் சொல்லும்போது அவனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அம்மா போனதிலிருந்து அவனுக்குத் துணி துவைத்துப் போட்டு, காய்ச்சலென்றால் கண் விழித்து, என் கல்யாணப் பேச்சையே எடுக்காமல் இருந்தவன் நான். போகட்டுமா என்று அவன் கேட்கவில்லை. போகப்போகிறேன் என்றான்.

எல்லாவற்றையும் நல்லதாகவே வாங்கினேன். ரேமும் நல்ல ஜோடிதான். அதில் ஒன்றை மட்டும் மாற்றினேன்.

எங்கள் கடையில் ஒரு டிராயர் உண்டு. பழுது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்து, மேஜையில் வைத்துச் சோதித்தால் பழுது தெரியாமல், கம்பெனிக்காரனும் மாற்றித் தர மறுத்த ரேம்கள் அதில் கிடக்கும். நடிகர்கள் என்று நாங்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தோம். பெரும்பாலும் சூட்டில் வருகிற கோளாறு. பெட்டியின் மூடியைப் போட்டு, உள்ளே கிராபிக்ஸ் கார்டு கொதிக்கும்போதுதான் தடுமாறும். மூடியைத் திறந்து காற்றுப் பட்டால் பரம சாதுவாகிவிடும். அதே கம்பெனி, அதே மாடலில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே நின்றுபோகிற ரேம் எனக்கு உதவாது. படம் பார்த்தால் ஒன்றும் ஆகாமல், ஆட்டம் சூடு பிடிக்கும்போது மட்டும் காலை வாருகிற ஒன்று வேண்டியிருந்தது. எந்த வாடிக்கையாளருக்கும் நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

நினைத்தபடியே நடந்தது. நல்ல ஆட்டத்தின் நடுவில் திரை உறைந்துபோகும். தம்பி என்னிடம் ஓடி வருவான். நான் மூடியைக் கழற்றி வைத்து, மேஜை ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, அவன் கண் முன்னாலேயே சோதனை ஓட்டுவேன். ஒரு பிழையும் வராது. மெஷினில் ஒன்றுமில்லை என்பேன். அவன் கரண்டைச் சந்தேகப்பட்டான், நெட்டைச் சந்தேகப்பட்டான், கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டான். எதையோ தப்பாக அழுத்துகிறோமோ என்று விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சாண்ணே" என்று ஒருநாள் என் மடியில் படுத்து அழுதான். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சின்னப் பிள்ளையாக இருந்ததற்குப் பிறகு அவன் என் மடியில் படுத்தது அன்றுதான் சார்.

சுருட்டை என்கிற பையன் தலையிடாமல் இருந்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். சுருட்டை தம்பியின் உயிர்த் தோழன், அவனும் அதே டீமுக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான். கடைக்கே வந்து, "அண்ணே, மூடியப் போட்டு டெஸ்ட் பண்ணீங்களா? எனக்கென்னமோ ரேம் மேலதான் சந்தேகமா இருக்கு" என்றான். கெட்டிக்காரப் பையன். பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது தம்பியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "நீ இல்லாத நேரத்துல உன் ரூமுக்கு யாருடா வர்றா?" நான் யார் பெயரையும் சொல்லவில்லை. தட்டில் இருந்த கை அப்படியே நின்றது. டீமில் அந்த இடத்தின் மேல் சுருட்டைக்கும் ஒரு கண் உண்டு என்பதைத் தம்பியேதான் சொன்னான். மறுநாளிலிருந்து அறையைப் பூட்ட ஆரம்பித்தான். சுருட்டை போன் செய்தால் எடுக்கவில்லை.

கடைசி ஆட்டத்தன்று காலையில் சுருட்டை எங்கள் வாசலில் வந்து நின்றான். சட்டைப் பையில் அவனுடைய சொந்த ரேமைக் கழற்றி வைத்திருந்தான். தம்பி தன்னை உள்ளே விட மாட்டான், நீங்களாவது இதை மாட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினான். தம்பி குளித்துக்கொண்டிருந்தான். அறையின் மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. நீயே மாட்டிவிடு என்று கொடுத்து மாடிக்கு அனுப்பினேன். தம்பி தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், உன் அறையில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது என்றேன். அது பொய்யில்லையே சார்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மேலே சத்தம் கேட்டது. குழாயை நான் நிறுத்தவில்லை. இரண்டு அடி கொடுத்துத் துரத்திவிடுவான், அத்தோடு அந்த நட்பு தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். மாடிப்படிக்குக் கைப்பிடி போடாமல் விட்டிருந்தேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தம்பி தள்ளியது அந்தப் பக்கமாகப் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது கீழே விழுந்து கிடந்த சுருட்டைக்கு மூச்சில்லை, ரேமை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தான்.

உங்கள் போலீஸ் ஆள் அந்தக் கம்ப்யூட்டரை மூடியைப் போட்டுச் சோதித்தாராமே. வேலை தெரிந்தவர். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பழுதான ரேமைப் போட்டது நான். சந்தேகத்தைக் கிளப்பியது நான். சாவியைக் கொடுத்ததும், தம்பியை மேலே அனுப்பியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று அவனைப் பார்க்க விட்டீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெளிய வந்ததும் நேரா வீட்டுக்குத்தாண்ணே, இனிமே உன்ன விட்டு எங்கயும் போகல" என்றான். தம்பியிடம் மட்டும் இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள் சார், அவன் மனசு மாறிவிடும்.